நார்த்ஃபீல்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்

மினசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்டில் காலையில் வாசல் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது வாசனைதான். மால்ட்-ஓ-மீல் ஆலையில் அன்றைக்கு எந்தத் தானியத்தை வறுக்கிறார்களோ அதன் மணம் தெருவெல்லாம் நிற்கும். சில நாள் கோகோ, சில நாள் பழ மிட்டாயின் தித்திப்பு, சில நாள் வெறும் வறுத்த கோதுமை. நாயோடு நடக்கக் கிளம்பியவர் எதிரே வந்தால், “இன்னைக்கு கோகோ போலிருக்கு” என்பார். “ஆமா, காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது” என்று பதில் சொல்வோம். அதோடு சரி. அவரவர் வழியில் போய்விடுவோம்.

இந்த இரண்டு வரிப் பேச்சைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். படிப்புக்காகவோ கல்லூரி வேலைக்காகவோ அமெரிக்காவின் மத்திய மேற்கில் இப்படி ஒரு சின்ன ஊரில் வந்து இறங்குகிற நம்மவர்கள் சில மாதங்களிலேயே ஒரு குறை சொல்லத் தொடங்குவார்கள். “எல்லாரும் சிரிக்கிறாங்க, யாரும் பேச மாட்டேங்கிறாங்க.” வானிலை, சாலை, பனி, சோளம், அதற்கு மேல் ஒன்றும் வராது என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வானிலைப் பேச்சுக்குள்ளேயே என்னென்ன நடக்கிறது என்று கேட்கப் பழகிவிட்டால் ஊர் வேறு மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தெரிந்த நார்த்ஃபீல்டைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இடம். மினியாபொலிஸிலிருந்து தெற்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் 20,790 பேர். நடுவே கேனன் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே 1866இல் தொடங்கிய கார்ல்டன் கல்லூரி. மேற்கே குன்றின் மேல், நார்வேயிலிருந்து குடியேறிய லுத்தரன் கிறிஸ்தவர்கள் 1874இல் தொடங்கிய செயின்ட் ஓலாஃப் கல்லூரி. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய ஐயாயிரம் மாணவர்கள். பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு: இவைதான் இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மூன்று சொற்கள். பசுக்கள் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. 1855இல் ஜான் வெஸ்லி நார்த் ஊரை நிறுவி, ஆற்றில் அணை கட்டி, ஆலை போட்டபோது சுற்றுவட்டாரமெல்லாம் கோதுமைக்கு மாறியது. வருஷா வருஷம் கோதுமையே போட்டு மண் சோர்ந்து, பூச்சியும் சேர்ந்துகொண்டு விளைச்சல் சரிந்ததும் விவசாயிகள் மாடு வளர்க்கப் போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோல்ஸ்டீன் பசுக்களுக்கு நாடு முழுக்கப் பேர்போன ஊராக இது இருந்தது. இப்போது ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான் கண்ணுக்கு எட்டும்வரை. ஆற்றங்கரையில் ஒரு பழைய மாவு ஆலை இன்னும் நிற்கிறது. 1919இல் ஓவட்டோனாவில் தொடங்கிய மால்ட்-ஓ-மீல் நிறுவனம் 1927இல் அங்கேதான் குடிவந்தது. 2015இல் போஸ்ட் என்ற உணவு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. ஊரார் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

இனி குளிர்காலம். நவம்பரிலிருந்து மார்ச் முடியும்வரை பேச்செல்லாம் தெர்மாமீட்டரைச் சுற்றித்தான் ஓடும். 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸ் விமான நிலையத்தில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். மினசோட்டாவில் அன்றைக்குத் தபால் பட்டுவாடாவையே நிறுத்தி வைத்தார்கள். எந்த மழைக்கும் பனிக்கும் நிற்காதவர்கள் என்று பெயர் வாங்கிய தபால்காரர்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் குளிரை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்வி: “கார் கிளம்பிச்சா?” கேட்பவரின் வண்டியில் ஜம்பர் கேபிள் தயாராக இருக்கும். “இல்லை” என்று சொன்னால் கொஞ்ச நேரத்தில் அவர் வண்டி உங்கள் வாசலில் நிற்கும். எதிர் வீட்டில் தனியாக இருக்கும் வயதானவரிடம் “ஃபர்னஸ் நல்லா ஓடுதா?” என்பார்கள். வீட்டைச் சூடாக்கும் அந்த இயந்திரம் ராத்திரி நின்றுபோனால் வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும், ஆளுக்கும் ஆபத்து. சமையலறைக் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைத்தீர்களா, தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்து விட்டீர்களா என்றெல்லாம் சாதாரணக் குரலில், எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்கள். நலம் விசாரிப்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் வழி இதுதான். “உங்களை நினைச்சு எனக்குக் கவலையா இருக்கு” என்று நேராகச் சொல்வதற்கு இந்த ஊர் ஆள் கூச்சப்படுவார். ஃபர்னஸைப் பற்றிக் கேட்டுவிடுவார்.

பனி கொட்டிய மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்னோ புளோயரை உருட்டிக்கொண்டு வருவார். தன் வீட்டு நடைபாதையைச் சுத்தம் செய்துவிட்டு எல்லையில் நிறுத்த மாட்டார். எங்கள் வீட்டையும் தாண்டி, அதற்கடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்காரர்கள் வாசல்வரை போய்விட்டுத்தான் திரும்புவார். ஓடிப்போய் நன்றி சொன்னால், “எப்படியும் மெஷினை வெளியே எடுத்தாச்சு” என்பார். அதற்கு மேல் நன்றியை நீட்டினால் அவருக்குச் சங்கடம். அதனால் நான் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பேன். “இவ்வளவு எதுக்கு” என்பார். அப்புறம் டப்பாவைத் திருப்பித் தரும்போது அதில் அவர் தோட்டத்து ஆப்பிளில் செய்த ஏதாவது ஒன்று இருக்கும். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் அம்மா வீட்டிலும் எழுதாத சட்டம். இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னும் சில பழக்கங்களிலும் அப்படித்தான். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி வேண்டுமா என்று கேட்டால் உடனே சரி என்று சொல்வது இங்கே வழக்கமில்லை. “வேண்டாம், சிரமப்படாதீங்க” என்று ஒருமுறை, “சரி, ஏற்கெனவே போட்டிருந்தா பரவாயில்லை” என்று இன்னொரு முறை, மூன்றாவது தடவைதான் கோப்பை கைக்கு வரும். கலிஃபோர்னியாவிலிருந்து வரும் மாணவர்களுக்கு இது புரியவே நாளாகும். மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளம்புவதும் அதே மாதிரி. “சரி, அப்போ…” என்று எழுந்த பிறகு வரவேற்பறையில் கொஞ்சம், காலணி போடும் இடத்தில் கொஞ்சம், வாசலில் கொஞ்சம், கார் ஜன்னலை இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம். மனசில் இருப்பதெல்லாம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் வெளியே வரும். மகனுக்கு வேலை போன செய்தி, ஸ்கேன் முடிவு, பண்ணையை விற்கப் போகிற யோசனை எல்லாம் கார் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சொல்லப்பட்டவைதான். உட்கார்ந்து பேசிய ஒன்றரை மணி நேரமும் அந்த ஐந்து நிமிஷத்துக்கான முன்னேற்பாடு என்று இப்போது எனக்குப் படுகிறது. அதனால் நான் சீக்கிரம் கிளம்புவதில்லை.

மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குப் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதும். சோதனைதான். மாநிலம் முழுக்க அந்த நேரத்தில்தான் ஊதுவார்கள். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டு எழுவார்கள். கடையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்து, “ஓ, புதன்கிழமை” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். ஆனால் வேறு நாளில், வேறு நேரத்தில் ஊதினால் ஒரு வார்த்தை பேசாமல் நிலவறைக்கு இறங்குவார்கள். 2018 செப்டம்பர் 20 அன்று மாலையில் எங்கள் ஊர் இருக்கும் ரைஸ் மாவட்டத்தில் வரிசையாகச் சூறாவளிகள் இறங்கின. அதற்கப்புறம் பல வாரங்களுக்கு எங்கு போனாலும் மரங்களைப் பற்றிய பேச்சுதான். யார் வீட்டு ஓக் மரம் விழுந்தது, யாரிடம் சங்கிலி ரம்பம் இருக்கிறது, சனிக்கிழமை யார் யார் வருகிறார்கள். அந்தப் பேச்சிலேயே வேலையும் பங்கிடப்பட்டுவிட்டது.

விவசாயிகளின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் விடிகாலையில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் காபி மேசைக்குப் போக வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் அங்கே முதல் கேள்வி, “உங்க பக்கம் எவ்வளவு?” மழையைத்தான் கேட்கிறார்கள். பதில் ‘நல்ல மழை’ என்றோ ‘தூறல்’ என்றோ வராது. “முக்கால் அங்குலம்.” “எங்களுக்கு அரைதான்.” “ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணேகால்.” ஒவ்வொரு வீட்டு வேலியிலும் மழைமானி இருக்கிறது. பத்தாவது படித்த தாத்தாவிலிருந்து விவசாயக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பேத்திவரை எல்லாரும் பத்தில் ஒரு பங்கு அங்குலம்வரை சொல்வார்கள். ஜூலையில் மக்காச்சோளம் பூ விட்டுக் கதிரில் பட்டு நூல் தள்ளும் சமயத்தில் மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. அந்த ஆண்டின் வருமானம் அங்கேயே போய்விடும். அதனால் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அந்த எண்களில் கடன் தவணை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. அரை அங்குலம் என்று சொன்னவரைப் பார்த்து முக்கால் வாங்கியவர், “நாளைக்கு இன்னொண்ணு வருதாம்” என்பார். ஆறுதல் சொல்வதும் வானிலை வழியாகத்தான்.

கல்லூரிப் பேராசிரியர்கள் இந்த மேசைக்கு அதிகம் வருவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் குன்றின் மேல் உள்ளவர்கள், கீழே உள்ளவர்கள் என்று ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. கல்லூரி நிலத்துக்குச் சொத்துவரி இல்லை. சாலைக்கும் தீயணைப்புக்கும் ஆகும் செலவு மற்ற வீடுகளின் மேல் விழுகிறது என்ற முணுமுணுப்பு நகர்மன்றக் கூட்டங்களில் வருஷா வருஷம் எழும். பேராசிரியர்களில் ஒரு பகுதியினர் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரத்தில் வீடு வைத்துக்கொண்டு வந்து போகிறார்கள். வாழ்க்கைத் துணைக்கு வேலை அங்கே கிடைக்கும்போது அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்களும் கோயிலுக்கு மேப்பிள் குரோவ் வரை போகிறவர்கள்தான், கறிவேப்பிலைக்கு இரட்டை நகரத்துக்குப் போகிறவர்கள்தான். ஆனால் சனிக்கிழமைக் காலைச் சந்தையில் முகம் தெரியாத ஒருவர், திங்கட்கிழமை வகுப்பில் ‘சமூகம்’ பற்றிப் பாடம் எடுப்பது எனக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தலை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு பக்கமும் கலந்த நல்ல கணங்களும் இந்த ஊருக்கு நிறைய இருக்கின்றன. கார்ல்டனின் அரசியல் அறிவியல் துறைக்கு 1969இல் வந்த பால் வெல்ஸ்டோன், வகுப்போடு நிற்காமல் ரைஸ் மாவட்டத்து ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசி அவர்களை அமைப்பாகத் திரட்டினார். கடனில் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகளோடு நின்றார். 1990இல் ஒரு பழைய பச்சைப் பேருந்தில் மாநிலம் முழுக்கச் சுற்றி, பணபலம் மிகுந்த எதிராளியைத் தோற்கடித்து அமெரிக்க செனட்டர் ஆனார். 2002 அக்டோபர் 25 அன்று மனைவியோடும் மகளோடும் விமான விபத்தில் இறந்தார். இங்கே அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய கொள்கையைவிட, கடைவீதியில் நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவரின் பெயரும் அவர் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்பார்கள். அவருடைய அரசியலோடு ஒத்துப்போகாத வயதான விவசாயி ஒருவரே இதை என்னிடம் சொன்னார்.

கார்ல்டன் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது. கல்லூரியில் பல்லாண்டுகள் வேலை பார்த்த டேசி மோசஸ் என்ற பெண்மணியின் வீடு. மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தவர். 1883இல் பிறந்து 1981இல் மறைந்தார். வீட்டைக் கல்லூரிக்கு விட்டுச் சென்றார். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் பிஸ்கட் சுடலாம். மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் அலமாரியில் இருக்கும். அடுத்து வருகிறவருக்குக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போக வேண்டும், பாத்திரத்தைக் கழுவ வேண்டும். தேர்வு வாரத்தில் ராத்திரி அங்கே போனால் ஒருவரையொருவர் தெரியாத நாலைந்து பேர் அடுப்பு சூடாவதற்காகக் காத்திருந்து பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டு ஞாபகத்தில் தவிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. குட்ஸெல் வானாய்வகத்தை மாதத்தின் முதல் வெள்ளி இரவு பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ரயில்வேக் கடிகாரங்களுக்கெல்லாம் நேரம் சொன்ன இடம் அது. இப்போது ஆலைத் தொழிலாளியின் மகளும் பௌதிகப் பேராசிரியரும் ஒரே வரிசையில் நின்று சனிக் கோளைப் பார்க்கிறார்கள்.

செயின்ட் ஓலாஃப் என்றால் பாட்டு. 1912இலிருந்து டிசம்பரில் நடக்கும் கிறிஸ்துமஸ் இசைவிழாவுக்கு ஊரே கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குன்றேறும். இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே விளையாட்டுப் போட்டி தீராதது. 1977இல் மைதானத்தை மீட்டரில் அளந்து ஒரு அமெரிக்கக் கால்பந்துப் பந்தயம் நடத்தினார்கள். அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது என்று நம்பிய காலம் அது. செயின்ட் ஓலாஃப் 43–0 என்று வென்றது. கார்ல்டன்காரரிடம் மீட்டரைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அந்த ஸ்கோர் வந்துவிடும்.

தேவாலயங்களின் அடித்தளக் கூடங்களைச் சொல்லாமல் இந்த ஊர்ப் பேச்சைச் சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில் அங்கே நார்வேஜியச் சாப்பாடு போடுவார்கள். காரக் கரைசலில் ஊறவைத்துக் கூழாகிப்போன காட் மீன், உருகிய வெண்ணெய், அப்புறம் உருளைக்கிழங்கு மாவில் சப்பாத்தி மாதிரி மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட லெஃப்சா. நீளமான மேசை, டிக்கெட் எண்படி உட்கார வைப்பார்கள், பக்கத்தில் யார் என்று நாம் முடிவு செய்ய முடியாது. அதுதான் அங்கே எனக்குப் பிடித்தது. பல் மருத்துவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற தத்துவப் பேராசிரியர் என்று யாராவது வாய்ப்பார்கள். எல்லாரும் சேர்ந்து கொண்டுவந்து சாப்பிடும் விருந்துகளுக்கு நான் எலுமிச்சைச் சாதம் எடுத்துப்போவேன். “இந்தக் கறுப்பு விதை என்ன?” என்று கடுகைக் காட்டிக் கேட்பார்கள். மினசோட்டா வயல்களில் கடுகு களையாக முளைக்கும் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், தாளிப்பிலிருந்து களைக்கொல்லி வரைக்கும் பேச்சு போய்விடும்.

டிவிஷன் தெருவில் ஒரு காலி இடம் இருக்கிறது. 1877இல் கட்டிய ஆர்ச்சர் ஹவுஸ் என்ற செங்கல் விடுதி அங்கே நின்றது. நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்லூரிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள் தங்கிய இடம். 2020 நவம்பர் 12 அன்று தீப்பிடித்தது. பெருந்தொற்றுக் காலம். ஆளுக்கு ஆறடி தள்ளி, முகக்கவசத்தோடு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பல மாதங்களாக ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் அன்று கூடிவிட்டோம். எல்லாரும் அந்தக் கட்டடத்தோடு தங்களுக்கு இருந்த தொடர்பை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே நின்றார்கள். கல்யாணத்து ராத்திரி அங்கே தங்கியவர், அடித்தளத்துக் கடையில் முதல் வேலை பார்த்தவர், வேலை நேர்காணலுக்கு வந்து ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்து ‘இங்கேயே இருந்துவிடலாம்’ என்று முடிவு செய்தவர். அடுத்த ஆண்டு மிச்சத்தையும் இடித்தார்கள். அன்றிலிருந்து அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பது ஊரின் ஓயாத பேச்சு. முடிதிருத்தும் கடையிலும் கேட்கலாம், கேஒய்எம்என் என்ற உள்ளூர் வானொலியிலும் கேட்கலாம். ஆற்றங்கரையில் உட்காருவதற்கு எல்லாருக்கும் இடம் வேண்டும் என்பது என் கட்சி. இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த விடுதி எழுவதற்கு முந்தைய ஆண்டு நடந்ததுதான் ஊரின் பெரிய கதை. 1876 செப்டம்பர் 7 அன்று ஜெஸ்ஸி ஜேம்ஸ், யங்கர் சகோதரர்கள் கூட்டம் எட்டுப் பேராக வந்து இங்கிருந்த வங்கியைக் கொள்ளையடிக்கப் பார்த்தது. காசாளர் பொறுப்பில் இருந்த ஜோசஃப் லீ ஹேவுட் பெட்டகத்தைத் திறக்க மறுத்தார். கழுத்தில் கத்தி வைத்தும் மறுத்தார். சுட்டுக் கொன்றார்கள். அதற்குள் ஊரார் துப்பாக்கிகளோடு தெருவில் இறங்கிவிட்டார்கள். ஏழெட்டு நிமிஷத்தில் கொள்ளையர் இருவர் செத்து விழ, மற்றவர்கள் ஓடினார்கள். ஹேவுட் கார்ல்டன் கல்லூரியின் பொருளாளராகவும் இருந்தவர். ‘இங்கே கொள்ளைக்காரர்கள் வந்தால் பெட்டகத்தைத் திறப்பீர்களா?’ என்று சில நாள் முன்புதான் கல்லூரித் தலைவர் அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டதாகவும், திறக்க மாட்டேன் என்று நினைக்கிறேன் என்று அவர் அமைதியாகச் சொன்னதாகவும் ஊரில் சொல்வார்கள். அந்தப் பதிலின் சுரம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. குரலை உயர்த்தாமல் ‘நினைக்கிறேன்’ சேர்த்துச் சொல்வதுதான் இங்கே உறுதியான பேச்சு.

ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் திருவிழாவுக்கு ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோற்ற நாட்கள் என்று பெயர். வங்கி இன்று அருங்காட்சியகம். அதன் முன்னால் குதிரைகளோடு சண்டையை நடித்துக் காட்டுவார்கள். ராட்டினம் சுற்றும், ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போகும், ஹேவுட்டின் கல்லறையில் மரியாதை செய்வார்கள். கொள்ளைக்காரனைக் கொண்டாடாமல் அவன் தோற்றதைக் கொண்டாடுகிறோம் என்பதை ஊரார் அழுத்திச் சொல்வார்கள். குழந்தைகளுக்கும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கிறது.

அன்றைக்குச் சுடப்பட்டதில் ஊர் பக்கத்தில் இன்னொருவரும் உயிரிழந்தார். நிக்கலஸ் குஸ்தாவ்சன். ஸ்வீடனிலிருந்து வந்த குடியேறி. தெருவை விட்டுப் போ என்று கொள்ளையர்கள் ஆங்கிலத்தில் கத்தியது அவருக்குப் புரியவில்லை என்பார்கள். தலையில் குண்டு பட்டு நான்காம் நாள் இறந்தார். நடிப்புக் காட்சியில் அவருடைய பாகம் சில விநாடிகள்தான். கூட்டத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் என் கண் அவர் மேல்தான் போகும். சுற்றிலும் எல்லாரும் என்னவோ சொல்கிறார்கள். நடுத்தெருவில் ஒருவர் திகைத்து நிற்கிறார்.

இன்று அந்தத் தெருவில் ஸ்பானிஷ் காதில் விழுகிறது. மெக்சிகோவின் வேராக்ரூஸ் மாநிலத்தில் மால்த்ராத்தா என்ற மலையூர் இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் வந்து, அவரைப் பார்த்து அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வீடு என்று வந்து சேர்ந்து நார்த்ஃபீல்டில் ஒரு பெரிய சமூகமாக இருக்கிறார்கள். ஆலையிலும் பால் பண்ணைகளிலும் சமையலறைகளிலும் வேலை செய்கிறார்கள். பசுக்களின் பெயர் ஊரின் வாசகத்தில் முதலில் வருகிறது என்றேன். இன்று பல பண்ணைகளில் அந்தப் பசுக்களை விடிகாலையில் கறப்பவர்கள் பேசுவது ஸ்பானிஷ்தான். ஆனால் நான் மேலே சொன்ன பேச்சிடங்களில், அதாவது காபி மேசை, அடித்தளக் கூடம், வானொலி, நகர்மன்றம் ஆகியவற்றில், அவர்களை அதிகம் பார்க்க முடிவதில்லை. 1910இல் கார்னெகி பணத்தில் திறந்த பொது நூலகம்தான் விதிவிலக்கு. அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து கதை கேட்கிறார்கள்.

பெரியவர்களுக்கு ஆங்கிலம் பழக்கும் வகுப்பொன்றில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். பாடப்புத்தகத்தில் விமான நிலையம், உணவகம், மருத்துவமனை என்று உரையாடல்கள் இருக்கும். ஒரு குளிர்காலத்தில் ஆலையில் இரவு வேலை பார்க்கும் பெண் ஒருவர் கையை உயர்த்தி, “இதெல்லாம் எனக்குத் தெரியும், டீச்சர். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட என்ன பேசறதுன்னுதான் தெரியலை” என்றார். அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கார் கிளம்பிச்சா, ஃபர்னஸ் ஓடுதா, உங்க பக்கம் எவ்வளவு, எப்படியும் மெஷினை வெளியே எடுத்தாச்சு என்று பலகையில் எழுதினோம். காபியை முதல் தடவை மறுப்பது பற்றிச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. மால்த்ராத்தாவிலும் அப்படித்தானாம். பக்கத்து ஊரான ஃபாரிபோவிலிருந்து வரும் சோமாலி அம்மா ஒருவர், எங்கள் பக்கம் மூன்று தடவை போதாது என்றார். ஜோடி ஜோடியாக நின்று வாசலில் விடைபெற்றுப் பழகினார்கள். கிளம்பவே மனசில்லாமல் பேசிக்கொண்டிருந்ததில் அன்று வகுப்பு முடியவே நேரமாகிவிட்டது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டு கல்லூரிகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒன்றிரண்டு தமிழ் மாணவர்கள் வருவார்கள். எங்கள் வீட்டில் ரசம் சாப்பிட்டுவிட்டு, “அக்கா, இங்க வீக்கெண்டுல என்ன பண்றது?” என்று கேட்பார்கள். டேசி மோசஸ் வீடு, முதல் வெள்ளி இரவு, சனிக்கிழமைச் சந்தை, தேவாலயச் சாப்பாடு என்று சொல்லி அனுப்புவேன். இந்த வருஷம் கேட்டவர்களிடம் ஆங்கில வகுப்பையும் சேர்த்துச் சொன்னேன். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், எதிரே உட்கார்ந்து பேசினால் போதும். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கல்லூரியில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள், வருகிறேன் என்றாள். ஜனவரிக் குளிரில் குன்றிலிருந்து நடந்து வர வேண்டியதில்லை, வியாழக்கிழமைகளில் நானே காரில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு பேர் வந்தாலும் காரில் இடம் இருக்கிறது.